மணித்தியாலம் கூட வரும், நம்பர் வராது: சின்ன எயார்லைன் பைலட்டும் பெரிய எயார்லைன் பைலட்டும்

திருகோணமலையில இருந்து கிண்ணியா பஸ்ல சீனக்குடா தாண்டிப் போறவங்களுக்கு இது பழகின காட்சி. சின்னப் பிளேன் ஒண்டு இறங்கி வரும், சில்லு ரன்வேல பட்டதும் நிக்காம அப்பிடியே எழும்பிப் போகும், ஒரு வட்டம் அடிச்சிட்டு வந்து திரும்ப இறங்கும், திரும்ப எழும்பும். விமானப் படையின்ட பயிற்சிப் பிளேன் அது. பஸ்ல இருக்கிற பொடியங்கள் கழுத்தை வளைச்சு ஜன்னலால பார்த்துக்கொண்டே போவாங்க. நான் ஏ.எல் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் ரியூசன் குடுக்கிற ஆள், வருஷத்துக்கு ரெண்டு மூண்டு பேராவது வகுப்பு முடிஞ்ச பிறகு போகாம நிண்டு "சேர், பைலட்டா வாறதெண்டா என்ன செய்யோணும்" எண்டு கேப்பாங்க. இப்ப கிட்டடியில ஒரு பொடியன்ட அப்பாவே வீட்ட வந்திட்டார். கையில மினுமினுக்கிற பேப்பர்ல அடிச்ச கோர்ஸ் புத்தகம், முன் அட்டையில பெரிய ரெண்டு எஞ்சின் ஜெட், விலை மட்டும் பின் பக்கத்தில சின்ன எழுத்தில.

"சேர், நிலாவெளில காணித் துண்டொண்டு கிடக்கு, அதை வித்தா கோர்ஸ் காசு வந்திரும். முடிச்சா முதல்ல சின்ன எயார்லைன்ல ஏறிட்டு பிறகு பெரிசுக்கு மாறலாமாம், கொழும்பில சொல்றாங்க. உண்மையா?"

அந்த "பிறகு மாறலாம்" எண்டதை நான் அவருக்கு ரெண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். காணி விக்கிற யோசனையில வேற அப்பாமாரும் இருக்கலாம், அதால இங்கயும் எழுதுறன்.

சின்ன எயார்லைன், பெரிய எயார்லைன் எண்டு தொழிலே ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கிறது அமெரிக்காவில தான் நல்லாத் தெரியும், அதால அங்க இருந்து தொடங்கிறன். டெல்டா, யுனைட்டெட், அமெரிக்கன் மாதிரிப் பெரிய கொம்பனிகள் பெரிய ஊருக்குப் பெரிய ஊர், கடல் தாண்டி எண்டு தங்கட பிளேனில ஓடும். சின்ன ஊர்ல இருந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து பெரிய எயார்போர்ட்ல விடுற வேலையை வேற கொம்பனிகள் செய்யும். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்டெவர், என்வோய், பி.எஸ்.ஏ, பீட்மாண்ட், ஹொரைசன் எண்டு கன பேர். பிளேனுக்கு வெளியில அடிச்சிருக்கிற பெயின்ற் பெரிய கொம்பனியின்ட, டிக்கெட் விக்கிறதும் பெரிய கொம்பனி, ஆனா ஓட்டுறவருக்குச் சம்பளம் குடுக்கிறது சின்னக் கொம்பனி. எங்கட பக்கம் ஒரு பெரிய ஆலை தன்ட பேரை லொறியில எழுதச் சொல்லி வாடகைக்கு ஓட விடுற மாதிரி, லொறி வேற ஆளின்ட, டிரைவரும் வேற ஆளின்ட, ஆலை ஓட்டத்துக்கு இவ்வளவு எண்டு காசு குடுக்கும், டீசல் விலை ஏறினாலும் லோட் நிரம்பாட்டியும் அது ஆலையின்ட பாடு. இந்தச் சின்னக் கொம்பனிகள்ல சிலது பெரிய கொம்பனிக்கே சொந்தமானது, என்வோயும் பீட்மாண்ட்டும் பி.எஸ்.ஏயும் அமெரிக்கனுக்கு, என்டெவர் டெல்டாவுக்கு. ஸ்கைவெஸ்ட் தனிக் கொம்பனி, ஒரே நேரத்தில இந்த மூண்டுக்கும் அலாஸ்காவுக்கும் எண்டு நாலு பெரிய கொம்பனிக்கு ஓடிக்குடுக்கும்.

சின்னக் கொம்பனி ஏன் சின்னதாவே இருக்கு எண்டா அதுக்குக் காரணம் பெரிய கொம்பனி பைலட்மாரின்ட யூனியன். அவங்க தங்கட ஒப்பந்தத்தில ஒரு வரம்பு போட்டு வைச்சிருக்கிறாங்க, வெளியில குடுக்கிற ஓட்டத்துக்கு 76 சீட்டுக்கு மேல உள்ள பிளேன் பாவிக்கேலாது, எடை 86,000 இறாத்தலைத் தாண்டக் கூடாது எண்டு. இல்லாட்டி கொம்பனி கொஞ்சம் கொஞ்சமா எல்லா ஓட்டத்தையும் மலிவா வெளியில குடுத்திரும் எண்ட பயம், நியாயமான பயம் தான். அந்த ஒரு வரியால எம்ப்ரேயர் கொம்பனி புதுசாச் செய்த 175-இ2 எண்ட பிளேனை அமெரிக்காவில விக்கவே முடியாமப் போச்சு, எஞ்சின் பெரிசாகி எடை கூடினதால. பைலட்மாரின்ட ஒப்பந்தத்தில இருக்கிற ஒரு இலக்கம் பிரேசில்ல பிளேன் செய்யிற ஃபக்டரியைத் தடுத்து நிறுத்தினதெண்டா பாருங்க.

சரி, பைலட்டுக்கு என்ன வித்தியாசம்? எல்லாரும் முதல்ல சம்பளத்தைத் தான் கேக்கிறாங்க, ஆனா அதுக்கு முதல் நம்பரைப் பற்றிச் சொல்லோணும், அது விளங்காட்டி சம்பளமும் விளங்காது.

எயார்லைன்ல சேர்ற அண்டைக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க. சீனியோரிட்டி நம்பர். நீங்க சேர்ற அண்டைக்குக் கொம்பனியில 5,000 பைலட் இருந்தா நீங்க 5,001. உங்களுக்கு மேல உள்ள ஒருத்தர் பென்சன் போனா, வேலையை விட்டா, ஒரு படி ஏறுவீங்க. எந்தப் பிளேன் ஓட்டுறது, எந்த ஊர்ல பேஸ், அதாவது எந்த ஊர்ல இருந்து ஓட்டம் தொடங்கிறது, கோ-பைலட் சீட்ல இருந்து கப்டன் சீட்டுக்கு எப்ப மாறுறது, தைப்பொங்கலுக்கு லீவு கிடைக்குமா, ராத்திரி ஓட்டமா பகல் ஓட்டமா, எல்லாம் அந்த நம்பர் வரிசையில தான் கேட்டு எடுக்கிறது. திறமைக்கு அங்க இடமில்ல, திறமை இல்லாட்டி சோதனை எடுக்கிறவர் உள்ள விடமாட்டார், விட்ட பிறகு எல்லாரும் வரிசை தான். பஸ் டிப்போவில பழைய டிரைவர் முதல்ல வந்து கொழும்பு ஓட்டத்தைப் பிடிக்க, நேத்துச் சேர்ந்த ஆளுக்கு மிச்சம் கிடக்கிற குண்டும் குழியுமான ரோட்டு விழுற மாதிரித்தான் இதுவும். கொம்பனி ஆட்குறைப்புச் செய்தா கீழ இருந்து மேலாக வெட்டிக்கொண்டு வரும்.

இதில பொல்லாத விஷயம், கொம்பனி மாறினா நம்பர் கூட வராது. பத்து வருஷம் கப்டனா இருந்த ஆளும் புதுக் கொம்பனியில கடைசி ஆள். பான் ஆம் எண்ட உலகப் பெரிய கொம்பனி 1991 டிசம்பர்ல மூடேக்க தலை நரைச்ச கப்டன்மார் வேற கொம்பனியில அடியில இருந்து தொடங்கினாங்க. இந்தியாவில கிங்ஃபிஷர் 2012ல நிண்டது, ஜெட் எயார்வேஸ் 2019ல, கோ ஃபர்ஸ்ட் 2023ல, ஒவ்வொரு முறையும் பைலட்மார் வேற கொம்பனி தேடி அலைஞ்சாங்க.

என்ட அக்காட மகன் அமெரிக்காவில பைலட், அவனை வைச்சுத்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். 2016ல கலியாண வீடொண்டுக்கு ஊருக்கு வந்தவன், விறாந்தையில இருந்து தன்ட லொக் புக்கைக் காட்டினான். கணக்குப் பிள்ளைக் கொப்பி மாதிரி நீளக் கொப்பி. திகதி, பிளேன், எங்க இருந்து, எங்க, எவ்வளவு நேரம். நேரம் தசமத்தில இருக்கும், 1.2, 0.9, 1.1 எண்டு. முதல் பக்கங்கள்ல புறப்பட்ட இடமும் இறங்கின இடமும் ஒரே எழுத்து, பக்கம் பக்கமா ஒரே எழுத்து, ஏனெண்டா அவன் ஒரு சின்ன பறக்கும் பள்ளிக்கூடத்தில இன்ஸ்ட்ரக்டரா இருந்து வேற ஆக்களுக்குப் படிப்பிச்சு அந்த ஒரே ரன்வேயைச் சுத்திச் சுத்தி மணித்தியாலம் சேர்த்தவன், எங்கட சீனக்குடாப் பிளேன் சுத்துற மாதிரியே. நடுவில ஒரு பக்கத்தில மொத்தம் 1,500 மணித்தியாலத்தைத் தாண்டின இடத்தில சிவப்புப் பேனையால அடியில கோடு போட்டிருந்தான். அதுக்குப் பிறகு எழுத்தெல்லாம் மாறுது, ஒரு நாளைக்கு அஞ்சு ஊர். "மாமா, இதுதான் என்ட பாஸ்புக், எங்க போனாலும் இது என்னோட வரும்" எண்டான்.

அவன் சேர்ந்தது 2014ல, 26 வயசில, ஒரு சின்ன எயார்லைன்ல. நாலு வருஷத்தில கப்டன். அக்கா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சா. 2020ல கொரோனா வந்தது, பெரிய கொம்பனி ஓட்டத்தைக் குறைச்சது, ஒப்பந்தம் போச்சு, அவன்ட கொம்பனி முழுசா மூடுப்பட்டுது. அந்த வருஷம் அமெரிக்காவில ட்ரான்ஸ் ஸ்டேட்ஸ், கொம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் எண்டு மூண்டு சின்ன எயார்லைன் ஒரேயடியா இல்லாமப் போச்சு, ஆனா பெரிய கொம்பனி ஒண்டும் மூடேல்ல. அண்டைக்கு ராத்திரி போன்ல அவன் சொன்னது எனக்கு இப்பவும் காதுக்குள்ள கேக்குது, "மாமா, புக் இருக்கு, நம்பர் போயிட்டு". பிறகு 2021ல இன்னொரு சின்ன எயார்லைன்ல திரும்பக் கோ-பைலட், திரும்பக் கடைசி ஆள். 2022 முடியேக்க பெரிய எயார்லைன்ல எடுபட்டான், 34 வயசில. அங்கயும் கடைசி ஆள் தான், ஆனா 65 வரைக்கும் 31 வருஷம் ஒரே பட்டியல்ல ஏறலாம். அவனோட படிச்ச ஒருத்தன் நாலு வருஷம் முந்திப் போனவன், அதே லைசன்ஸ், அதே வயசு, அவன் இப்ப இவனை விட ஆயிரக்கணக்கான நம்பர் மேல, கடைசி மட்டும் மேல தான் இருப்பான்.

இனிச் சம்பளம். பைலட்டுக்கு அங்க மணித்தியாலக் கணக்கு, அதுவும் பிளேன் கேட்ல இருந்து பின்னுக்கு நகர்ற நேரம் தொடங்கி மற்றப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும் தான். எயார்போர்ட்ல நாலு மணித்தியாலம் குந்தியிருந்தாலும் அது பொதுவா கணக்கில இல்ல. மாசத்துக்கு 75 மணித்தியாலம் அளவில கட்டாயக் கொடுப்பனவு இருக்கும். சின்ன எயார்லைன்ல புதுசா வந்த கோ-பைலட்டுக்கு 2014 அளவில மணித்தியாலத்துக்கு 25 டொலர் எண்டாலே பெரிய விஷயம், கணக்குப் பார்த்தா வருஷம் 22,500 டொலர், அந்த நாட்டில சாப்பாட்டுக் கடையில நிண்டாலும் அவ்வளவு வரும். என்ட மருமகன் பேஸ் இருந்த ஊர்ல வீடு எடுக்க வழியில்லாம எயார்போர்ட்டுக்குக் கிட்ட ஒரு அபார்ட்மென்ட்ல எட்டுப் பேரோட அடுக்குக் கட்டில்ல படுத்தவன், போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு, கூப்பிட்டா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள யூனிஃபோமோட நிக்கோணும்.

இந்தச் சம்பளத்துக்குள்ள ஒரு பெரிய துக்கம் கிடக்கு. 2009 பெப்ரவரி 12 ராத்திரி, நியூவார்க்ல இருந்து பஃபலோ போன கோல்கன் எயார் 3407 விழுந்து பிளேன்ல இருந்த 49 பேரும் நிலத்தில வீட்டுக்குள்ள இருந்த ஒருத்தரும் செத்தாங்க. டேஷ் 8 கியூ400 எண்ட காத்தாடிப் பிளேன். வெளியில கொன்டினென்டல் எண்ட பெரிய கொம்பனியின்ட பெயின்ற், டிக்கெட்டும் கொன்டினென்டல், ஓட்டினது கோல்கன் எண்ட சின்னக் கொம்பனி. இறங்கப் போற நேரம் வேகம் குறைஞ்சு, விழப் போகுது எண்டு கையில பிடிச்சு ஓட்டுற கொலம் அதிர்ந்து எச்சரிக்க, கப்டன் மூக்கை முன்னுக்குத் தள்ளுறதுக்குப் பதிலாப் பின்னுக்கு இழுத்தார். விசாரணை அதைத்தான் காரணம் எண்டு சொன்னது. ஆனா அந்த விசாரணையில வெளியில வந்த மற்ற விஷயங்கள் தான் நாட்டைக் குலுக்கினது. கோ-பைலட் 24 வயசுப் பிள்ளை, சம்பளம் வருஷத்துக்கு 16,000 டொலர் அளவில எண்டு அங்க பேசப்பட்டது, நியூவார்க்ல இருக்கக் கட்டாம சியாட்டில்ல தாய் தகப்பனோட இருந்து, நாட்டின்ட ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு ராத்திரி முழுக்கக் கார்கோ பிளேன்ல தொத்திக்கொண்டு வந்து, பைலட்மார் இருக்கிற அறையில கொஞ்சம் கண் மூடிட்டு வேலைக்கு ஏறினவ. இறந்தவங்கட குடும்பங்கள் விடேல்ல. வொஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போய் வாசல்ல நிண்டாங்க. 2010ல சட்டம் வந்தது, அதிலயே ஓட்டுற கொம்பனி எது எண்டு டிக்கெட் விக்கிற நேரமே காட்டோணும் எண்டும் இருக்கு.

அந்தச் சட்டத்தால 2013 ஓகஸ்ட்ல இருந்து கோ-பைலட்டுக்கும் 1,500 மணித்தியாலம் கட்டாயம். அதுக்கு முதல் 250 மணித்தியால லைசன்ஸோட சீட்ல ஏறலாம். விமானத் துறைப் பட்டம் இருந்தா 1,000, ரெண்டு வருஷக் கோர்ஸ் எண்டா 1,250, ராணுவத்தில ஓட்டினவருக்கு 750 எண்டு சலுகை இருக்கு. இதில என்ட மனசில நிக்கிறது, கோல்கன் கப்டனுக்கு 3,379 மணித்தியாலம், கோ-பைலட்டுக்கு 2,244. ரெண்டு பேருமே புதுச் சட்டத்தின்ட வரம்பைத் தாண்டினவங்க! அதால 1,500 எண்ட இலக்கம் அந்த விபத்துக்கு நேரான மருந்தில்ல எண்டு சொல்றவங்களை நான் பிழை சொல்லமாட்டன், பைலட்மார் களைக்காம இளைப்பாறோணும் எண்டு வந்த புதுச் சட்டம் தான் நேரான மருந்து எண்டு நினைக்கிறன். ஆனா அந்த இலக்கம் வேற ஒரு வேலை செய்தது. ஆள் வாற வாசலை ஒடுக்கினது. 250 மணித்தியாலப் பொடியனை அரை வயித்துச் சம்பளத்துக்கு எடுக்கிற வழி அடைபட்டது.

ஆனா உடன சம்பளம் ஏறேல்ல, அதுக்குக் காரணம் வயசு. 2007 டிசம்பர்ல பென்சன் வயசை 60ல இருந்து 65 ஆக்கினாங்க. மேல இருந்த ஆக்கள் அஞ்சு வருஷம் எழும்பாம இருந்தாங்க, கீழ உள்ளவங்கட நம்பர் அசையேல்ல, அதோட 2008 பொருளாதார விழுகையும் சேர்ந்தது. அந்தக் காலத்தில சின்ன எயார்லைன்ல சேர்ந்தவங்க பெரிசுக்குப் போகப் பத்துப் பதினைஞ்சு வருஷம் காத்திருந்தாங்க, சில பேர் போகவே இல்ல. 2012 முடிவில இருந்து 65 ஆனவங்க போகத் தொடங்க வரிசை நகர்ந்தது. 2020ல பெரிய கொம்பனிகள் காசு குடுத்து ஆயிரக்கணக்கான மூத்த பைலட்மாரை முந்தியே வீட்டுக்கு அனுப்பினது, ஒரு வருஷத்தில சனம் திரும்பப் பறக்கத் தொடங்க ஆளில்லாமத் தவிச்சு சின்ன எயார்லைன்ல இருந்து அள்ளிக்கொண்டு போனது, சின்ன எயார்லைன்கள் கப்டன் இல்லாமப் பிளேனை நிப்பாட்டி வைச்சது. 2022 ஜூன்ல பீட்மாண்ட்டும் என்வோயும் முதல் வருஷக் கோ-பைலட்டுக்கே, தற்காலிகக் கூட்டலோட சேர்த்து, மணித்தியாலத்துக்கு 90 டொலர் எண்டு அறிவிச்சது. பெருக்கிப் பாருங்க, வருஷம் 81,000. மேலயும் அப்பிடித்தான், 2023 மார்ச்ல டெல்டா பைலட்மார் நாலு வருஷத்தில 34 சதவீத உயர்வு எடுத்தாங்க, பெரிய பிளேன் ஓட்டுற மூத்த கப்டனுக்கு இப்ப மணித்தியாலத்துக்கு 400 டொலருக்கு மேல.

இந்தச் செய்தியெல்லாம் ஃபேஸ்புக்ல சுத்தி வந்து எங்கட ஊர்ல "பைலட் தட்டுப்பாடு" எண்டு கோர்ஸ் விளம்பரமா மாறி நிக்குது. 2024ல அதே அமெரிக்காவில ஆள் எடுக்கிறது மெதுவாகிட்டு, போயிங் பிளேன் நேரத்துக்கு வரேல்ல, ஸ்பிரிட் கொம்பனி பைலட்மாரை வீட்டுக்கு அனுப்பினது. தட்டுப்பாடு எண்ட சொல் கோர்ஸ் தொடங்கிற அண்டைக்கு உண்மையா இருந்தாலும் முடிக்கிற அண்டைக்கு உண்மையா இருக்குமா எண்டு ஆருக்கும் தெரியாது. இது அலை. ஏறுற அலையில சேர்ந்தவன்ட நம்பருக்குக் கீழ ஒரு வருஷத்திலயே ஆயிரம் பேர் வந்திருவாங்க, அவனைப் பிறகு ஆட்குறைப்புத் தொடுறது கஷ்டம். இறங்கிற அலையில சேர்ந்தவன் அடியிலயே கிடப்பான்.

சின்ன எயார்லைனைக் குறைச்சுச் சொல்றன் எண்டு நினைக்க வேண்டாம். ஓட்டிப் பழகுறதுக்கு அதைப் போல இடமில்ல. ஒரு நாளைக்கு நாலு அஞ்சு தரம் ஏத்தி இறக்கி, மழை, காத்து, குட்டை ரன்வே எல்லாம் கையில படும். கடல் தாண்டிப் போற பெரிய பிளேன் கோ-பைலட்டுக்கு மாசத்தில இறக்கிற சந்தர்ப்பம் விரல் விட்டு எண்ணலாம், 90 நாளுக்குள்ள மூண்டு தரம் ஏத்தி இறக்கோணும் எண்ட சட்டத்துக்காக சிமுலேட்டருக்குப் போறவங்களும் இருக்கிறாங்க. அதோட, சின்ன ஊர்ல வீடு, பிள்ளைகளோட ராத்திரிச் சாப்பாடு, மூத்த நம்பர் எண்டு சின்ன எயார்லைன்லயே சந்தோஷமா இருந்து பென்சன் எடுக்கிற கப்டன்மாரும் உண்டு. அது தெரிஞ்செடுக்கிற வாழ்க்கையா இருந்தா நல்ல வாழ்க்கை. மாட்டுப்பட்டுக் கிடக்கிறதா இருந்தா தான் துன்பம்.

கனடாவில எங்கட ஆக்களின்ட பிள்ளைகள் கன பேர் இதுக்கு இறங்குறாங்க. அங்க எயார் கனடாவுக்காகச் சின்ன ஓட்டம் ஓடுறது ஜாஸ், அதுக்குள்ள இருந்து எயார் கனடாவுக்குப் போற வழியும் வைச்சிருக்கிறாங்க. ஆனா ஜாஸுக்கு முன்னால இன்னும் ஒரு படி இருக்கு. லைசன்ஸ் எடுத்த பொடியன் வடக்கில ரோட்டே இல்லாத ஊர்களுக்குப் பறக்கிற குட்டிக் கொம்பனியில போய், முதல்ல பனிக்குள்ள நிண்டு சாமான் ஏத்தி இறக்கி, பிளேனைத் துடைச்சு, ஒரு வருஷம் அப்பிடி இருந்து தான் சீட்டுக்கு ஏறுவான். ஸ்கார்பரோவில இருக்கிற அம்மாமாருக்கு அது பெரிய வேதனை, படிப்பிச்ச பிள்ளை மூட்டை தூக்குது எண்டு. ஆனா அது அங்கத்தைய வழக்கமான வழி.

இப்ப எங்கட பக்கம் வருவம். இங்க அமெரிக்கா மாதிரி 1,500 சட்டம் இல்ல, 200 மணித்தியாலத்தில கொமர்ஷல் லைசன்ஸ், அதோட கோ-பைலட் ஆகலாம் எண்டு சட்டம் விடும். கேக்க லேசா இருக்கு. ஆனா அந்த 200க்கும் முதல் சீட்டுக்கும் நடுவில அமெரிக்காவில இன்ஸ்ட்ரக்டர் வேலை இருக்கு, கனடாவில வடக்கு இருக்கு, இந்தியாவில ஏ.டி.ஆர் ஓட்டுற கொம்பனிகள் இருக்கு, பலாலிக்குச் சென்னையில இருந்து வாற 72 எண்ட காத்தாடிப் பிளேனைப் பார்த்திருப்பீங்க, அந்த வகை. எங்களுக்கு அந்த நடுப்படி இல்ல. நாட்டின்ட நீளமே 430 கிலோமீற்றர் அளவு, திருகோணமலையில இருந்து ராத்திரி ரயில் ஏறினா விடியக் கொழும்பு, உள்ளூர்ல பிளேன் டிக்கெட் வாங்க எத்தனை பேர் இருக்கிறாங்க? சீனக்குடாவுக்கு டூரிஸ்ட் ஆக்களை ஏத்திக்கொண்டு செஸ்னா காரவன் வாறதுண்டு, கொஞ்சப் பேர் மட்டும் ஏறுற குட்டிப் பிளேன், அதில எத்தனை பைலட்டுக்கு வேலை குடுக்கலாம். ஸ்ரீலங்கன்ல எயார்பஸ் மட்டும் தான், ஃபிட்ஸ் எயார் எண்ட தனியார் கொம்பனியும் இருக்கு, ஆனா கோ-பைலட் வாசல் அடிக்கடி திறக்கிற வாசலில்ல. 2022 நெருக்கடியில டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போக மூத்த பைலட்மார் கன பேர் வெளிநாட்டுக் கொம்பனிக்குப் போனது உண்மை, ஆனா போனவங்கட லொக் புக்கில ஆயிரக்கணக்கான மணித்தியாலம் இருந்தது, மத்திய கிழக்கு அதைத்தான் பார்த்து எடுத்தது. 200 மணித்தியாலக் கொப்பியைப் பார்த்து ஆரும் விசா அனுப்பமாட்டாங்க. இந்தியாவில அங்கத்தைய பொடியங்களே ஆயிரக்கணக்கில லைசன்ஸை வைச்சுக்கொண்டு காத்திருக்கிறாங்க.

விமானப் படை வாசல் ஒண்டும் இருக்கு, அதுவும் சீனக்குடாவிலயே, பயிற்சிக்குக் காசு கட்டத் தேவையில்ல. எங்கட வீடுகளில அது பாரமான கதை, ஒரு வரியில சொல்லி முடிக்கேலாது, அதால அதுக்குள்ள நான் போகேல்ல.

கோர்ஸ் புத்தகத்தோட வந்தவருக்கு நான் சொன்னது இதுதான். பின் பக்கத்தில இருக்கிற விலை 200 மணித்தியாலத்துக்கு மட்டும். அதுக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட பிளேனை ஓட்டுறதுக்கு டைப் ரேட்டிங் எண்டு தனிக் கோர்ஸ், கன இடத்தில பொடியன் தான் கட்டோணும், டொலர்ல அஞ்சு இலக்கம், அது இந்தப் புத்தகத்தில எங்கயும் இல்ல. எயார்லைன் தானே எடுத்துப் படிப்பிக்கிற கடெட் வழி திறக்கிற நேரம் போட்டி கூட எண்டாலும் அதுக்குத்தான் முதல் போராடோணும், ஏனெண்டா அதில படிக்கும்போதே வேலைக்கான வழி இருக்கு. பள்ளிக்கூடத்தில கேக்கோணும், போன ரெண்டு மூண்டு வருஷம் முடிச்ச பிள்ளைகள் இப்ப எங்க, எத்தனை பேர் சீட்ல, எத்தனை பேர் வீட்ல, அவங்கட போன் நம்பர் தாங்க எண்டு. தராட்டி அதுவே மறுமொழி. எல்லாத்துக்கும் முதல் கிளாஸ் 1 மெடிக்கல் எண்ட பைலட்மாரின்ட உடம்புச் சோதனை, காணி விக்க முதல், அட்வான்ஸ் கட்ட முதல். கண்ணில நிறம் பிரிச்சறியிற சோதனையில விழுந்தா அநேகமா அதோட கதை முடிஞ்சுது, அதை லட்சக்கணக்கில கட்டின பிறகு அறிஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

மகனும் கூட வந்திருந்தான், முழு நேரமும் வாய் திறக்கேல்ல. போற நேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டான், "சேர், உங்கட மருமகன் முதல்ல இருந்து தொடங்கிற மாதிரி வந்தா திரும்ப இதுக்குப் போவாரா?" நான் அவனுக்கு முன்னாலயே வட்ஸ்அப்பில குரல் பதிவு அனுப்பினன். அங்க விடியப்புறம், இருந்தும் கொஞ்ச நேரத்தில மறுமொழி வந்திட்டு, பின்னால எயார்போர்ட் அறிவிப்புச் சத்தம் கேக்குது. "போவன் மாமா. ஆனா 2014ல எனக்கு ஒருத்தரும் நம்பரைப் பற்றிச் சொல்லேல்ல. கப்டன் ஆக்கினதும் அங்கயே நிண்டிட்டன், ரெண்டு வருஷம் பெரிய கொம்பனிக்கு விண்ணப்பமே போடேல்ல. அந்தத் தம்பிக்கு அதைச் சொல்லுங்க."

பொடியன் போனை வாங்கி அதை ரெண்டாம் தரமும் போட்டுக் கேட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்ல தகப்பனும் மகனும் கொழும்புக்குப் போறாங்க, மெடிக்கலுக்கு. நிலாவெளிக் காணி இன்னும் அவங்கட பேர்ல தான் இருக்கு.